ரிக்கவரியைக் காலி செய்தது யார்?

காலை 9.05. கால்நடை மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் கம்ப்யூட்டர் பிணமாகக் கிடந்தது. கறுப்புத் திரையில் ஒற்றை வரி: ரிக்கவரி கிடைக்கவில்லை.

விடிகாலையில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், விண்டோஸ் பாதியில் உடைந்துவிட்டது. அது விபத்து. ஆனால் உடைந்தால் தூக்கி நிறுத்தவென்றே ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கியிருந்த பகுதியையும் யாரோ துடைத்திருந்தார்கள். அது குற்றம்.

மேஜைமேல் ஊசி விழுங்கிய நாய்க்குட்டி. ஊசி தொண்டையிலா, குடலிலா? எக்ஸ்ரே பார்க்காமல் டாக்டர் கத்தியைத் தொட முடியாது. கம்ப்யூட்டர் எழாமல் எக்ஸ்ரே ஓடாது.

9.20. பழுது பார்க்கும் பூச்சியக்கா வந்தார். எந்த இடத்துக்குப் போனாலும் “பூச்சி எங்க?” என்று பழுதைத் தேடியபடியே நுழைவதால் வந்த பெயர். அதற்குள் டாக்டர் தீர்ப்பே எழுதிவிட்டார்: வரவேற்பில் இருக்கும் பெண்தான், பாட்டு ஏற்ற இடம் வேண்டி அழித்திருப்பாள், இன்றோடு வேலை போச்சு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சும்மாவா?

பூச்சியக்கா தன் பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினார். ‘ரிக்கவரி’ என்று பெயரிட்ட பகுதி அப்படியே இருந்தது. உள்ளே ஒரு ஃபைல்கூட இல்லை. கடைசியாகக் கை பட்டது வியாழன் மாலை 4.10.

வியாழனன்று வரவேற்புப் பெண் லீவு, அண்ணிக்குப் பிரசவம். அவளுக்குப் பதில் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது நர்ஸ்.

“நாலு மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“டாக்டர் ஆபரேஷன்ல இருந்தார். உள்ளேருந்தே ரிக்கவரியைக் காலி பண்ணச் சொன்னார். பண்ணிட்டேன்.”

டாக்டர் தலையாட்டினார். ஆபரேஷன் முடிந்த மிருகங்கள் மயக்கம் தெளியும் அறைக்கு அங்கே ரிக்கவரி என்றுதான் பெயர்.

“அப்ப அந்த ரூம்ல எத்தனை உருப்படி இருந்துச்சு?”

“ஒண்ணுமில்லையே. மதியமே எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு.”

9.41. பூச்சியக்கா துள்ளி எழுந்தார். சொல்லும்போது எனக்கே கை பரபரக்கிறது.

“டாக்டர், குற்றவாளி நீங்கதான்.”

அறை மதியமே காலி; ஆபரேஷனில் இருந்த டாக்டருக்கு அது தெரியாது. நாலு பத்துக்கு நர்ஸ் எதைக் காலி செய்தார்? எதிரே திரையில் அதே பெயர் தெரிந்தது. டாக்டர் சொன்ன வார்த்தையை அங்கே நிறைவேற்றிவிட்டார்.

“உள்ளே இருந்ததெல்லாம் புரியாத பேரா இருந்துச்சு. பழைய கேஸுன்னு நினைச்சேன்,” என்றார் நர்ஸ்.

“அழிச்சிட்டீங்களா?”

“கேஸ் ஷீட்டை யாராவது அழிப்பாங்களா? டிஸ்சார்ஜ்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வச்சிருக்கேன்.”

பூச்சியக்கா நர்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லா ஃபைலும் பழைய இடத்துக்குத் திரும்பின. 10.02க்கு ரீஸ்டார்ட். ரிக்கவரி கண் விழித்தது, விண்டோஸைத் தைத்து எழுப்பியது. 10.20க்கு எக்ஸ்ரே: ஊசி தொண்டைக்குச் சற்றுக் கீழே. கத்தியே வேண்டாம், இடுக்கி போதும்.

ஊசியை எடுத்து முடித்ததும் டாக்டர் குட்டியோடு நேரே வரவேற்புக்கு வந்தார். “விசாரிக்காம உன் மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிடும்மா.”

அவள் கைநீட்டி, அரைமயக்கத்தில் இருந்த குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அன்று மாலைவரை அவள் எழுந்திருக்கவே இல்லை. போன் அடித்தபோதெல்லாம் டாக்டரே ஓடிவந்து எடுத்தார்.