பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணிக்கை

அன்று பிற்பகல் அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர். சர்வர் அறைக்குள் நிறுவனத்தின் சின்னவர். அவரோடு டிஸ்க் மாற்ற வந்த மெக்கானிக். வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணி, காலமான பெரியவரின் மனைவி.

"ரெண்டுல ஒண்ணு செத்து மூணு வாரம்னீங்க. ரெண்டும் சுடுதே சார்," என்றான் மெக்கானிக். "பொணத்துக்குக் காய்ச்சல் வந்து இப்பத்தான் பாக்கறேன்."

சின்னவர் சிரிக்கவில்லை. கேமராப் பதிவெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில், அச்சு அசலாக ஏறும். பெரியவர் இதே அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று அதில் ஒன்று நின்றுபோனது. மறுநாள் சின்னவர் அந்தப் பதிவை அழித்தார். அழிந்தது ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கில் மட்டும். நின்றுபோனதில் அது அப்படியே இருக்கும்: கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால், கைப்பிடியை வெளியிலிருந்து இறுகப் பிடித்தபடி, அண்ணன் சாவதைப் பதினொரு நிமிடம் பார்த்து நின்ற தம்பியின் முகம். வெளியே தெரிந்தால் மூன்று தலைமுறையாகக் காத்த பெயர் போச்சு.

"கேபிள் பழசா இருக்கு. வேன்லேருந்து புதுசு எடுத்துட்டு வா."

அவன் போனதும் திரையைப் பார்த்தார். 'டிஸ்க் 1 பழுது.' முதலாவதை உருவினார். மெக்கானிக்கின் பையிலிருந்த சுத்தியலால் தூள்தூளாக்கினார். புதியதைச் செருகினார். விளக்குகள் துடித்தன. நகலெடுப்பு தொடங்கியது.

திரும்பி வந்த மெக்கானிக் தலையில் கைவைத்தான். "ஐயோ சார்! இதுல எண்ணிக்கை பூஜ்யத்திலேருந்து. ஒண்ணுன்னா ரெண்டாவது. நீங்க ஒடைச்சது நல்லதை!"

"அப்ப எதிலேருந்து காப்பி ஆகுது?"

"செத்ததிலேருந்துதான்."

"நிறுத்துய்யா!"

மெயின் சுவிட்சை அணைக்க அவன் கீழே ஓடினான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், யாரோ விரல் மடக்கி உலோகத்தைத் தட்டுவதுபோல ஓர் ஓசை மெல்லக் கேட்க ஆரம்பித்தது. குளிர்காற்றில், பெரியவர் ராத்திரிதோறும் நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலத்தின் நெடி, தொண்டையைப் பிடிக்கும் அளவுக்கு ஏறியது. இருபது சதவீதம். திரையில் பழைய காட்சி. அண்ணன் தோளைப் பிடித்துக்கொள்கிறார். சின்னவரின் இடது தோளில் சுரீரென்று வலி.

கதவுக்கு ஓடினார். கைப்பிடி அசையவில்லை.

"அண்ணி! கதவைத் தொறங்க!"

"தொறந்துதானே இருக்கு, தம்பி," என்றது வராந்தாவிலிருந்து அந்த நிதானமான குரல். "தள்ளுங்க."

அறுபது. விளக்குகள் அணைந்தன. மெயின் போய்விட்டது. திரை மட்டும் எரிந்தது. எண்பது. முழங்கால் மடங்கியது. மூச்சில்லை. திரையில் தரையில் கிடப்பவர் அண்ணன் இல்லை. தொண்ணூற்றொன்பது. கண்ணாடிச் சதுரத்தில் ஒரு முகம். தன் முகம். அவசரமில்லை அதற்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டது.

நூறு.

அண்ணிதான் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டார் என்று வெளியே பேசுகிறார்கள். சுத்தப் பொய். இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. மெக்கானிக் படியேறி வந்தபோது, உள்ளே சின்னவர் செத்துக் கிடக்க, கைப்பிடியை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றவரும் சின்னவர்தான்.