அக்காவுக்கு ஒரு பன்றிப் படம்

மர்வாவின் அக்கா ஷாகிதா ஜப்பானுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஒரு செமஸ்டர் அங்கே படித்துவிட்டு வரும்படி கல்லூரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் மர்வா இதைச் சொல்லாத ஆளே இல்லை. பள்ளி வேன் ஓட்டுநருக்கு மட்டும் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

போவதற்கு முன் அக்கா மூன்று மாதம் ஜப்பான் மொழி படித்தாள். "என் பெயர் ஷாகிதா", "இது பேனா", "அது குடை" என்றெல்லாம் அழகாகச் சொல்வாள். ஆனால் அங்கே போன பிறகு, யாருமே பேனாவைக் காட்டி அவளிடம் "இது என்ன?" என்று கேட்கவில்லை.

தினமும் மாலையில் அக்கா வீடியோவில் வருவாள். அம்மா அஷ்ரஃபுன்னிசா முதலில் கேட்பது ஒன்றுதான்.

"இன்னா சாப்ட்ட?"

"சோறு, மீனும்மா. வயிறு ஃபுல்லு."

அம்மாவுக்கு நிம்மதி. மர்வாவின் கண் மட்டும் அக்காவுக்குப் பின்னால் இருந்த மேசைக்குப் போகும். அங்கே எப்போதும் வாழைப்பழத் தோல்தான் கிடக்கும். சனிக்கிழமை அன்று எண்ணிப் பார்த்தாள். ஏழு தோல்!

அம்மா குக்கரை இறக்கப் போனதும் மர்வா மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நீ குரங்கா மாறிட்டியா?"

"ஏன்டி?"

"பின்னாடி ஏழு தோல் கீது."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "அம்மாகிட்ட சொல்லிடாத. நாம பன்னிக் கறி சாப்பிட மாட்டோம்ல. இங்க எதுல அது கலந்திருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியல. கேக்கலாம்னு வாயைத் திறந்தா நாக்கு ஒட்டிக்குது."

"போன்ல படம் புடிச்சா அது தமிழ்ல சொல்லுமே?"

"புடிச்சேன். ஒரு சூப் டப்பாவுல 'பெரியப்பாவின் கோபமான பாசி'ன்னு வந்துச்சு. பயந்துபோய் வெச்சுட்டேன்."

மர்வா சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

"முடியல மர்வா. திரும்பி வந்துடலாம்னு தோணுது."

மர்வா யோசித்தாள். அக்கா வந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அழுதுகொண்டு வரக் கூடாது.

"நாளைக்கு லீவுதானே? மத்தியானம் ஏதாவது சாப்பாட்டுக் கடைக்குப் போ. உள்ள போனதும் எனக்கு வீடியோ போடு. நீ ஒண்ணும் பேச வேணாம்."

"எல்லாரும் என்னையே பாப்பாங்களே!"

"பாத்தா பாக்கட்டும். உன்னை அங்க யாருக்குத் தெரியும்?"

அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அன்று மாலையே மர்வா ஒரு பெரிய அட்டையில் பன்றியை வரைந்து, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டாள். மூக்கு மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. பாதியில் இளஞ்சிவப்பு வண்ணம் தீர்ந்துபோனதால், மீதிக்குச் சாம்பல் நிறம் அடித்தாள்.

மறுநாள் ஞாயிறு. அத்தா ஷவுகத் அலி கறி வாங்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். காட்டுப்பாக்கத்தில் மணி ஒன்பது, ஜப்பானில் பன்னிரண்டரை. போன் அடித்தது.

திரையில் ஒரு சின்னக் கடை தெரிந்தது. அக்கா கடைக்கார அம்மாளை நோக்கிப் போனைத் திருப்பினாள். அந்த அம்மாள் தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

மர்வா அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

கடைக்கார அம்மாள் கண்களைச் சுருக்கினாள். பிறகு கரண்டியை மூக்கின்மேல் வைத்துத் தும்பிக்கைபோல் ஆட்டி, "ஸோ?" என்று தொடங்கி ஏதோ சொன்னாள்.

"அக்கா, இன்னா சொல்றாங்க?"

அக்கா கிசுகிசுத்தாள். "யானையான்னு கேக்குறாங்க. யானைக் கறி இங்க கிடையாதாம்!"

"ஐயோ, இது யானை இல்லீங்க!"

மர்வா அட்டையைத் தூக்கிப் போட்டாள். விரலால் மூக்கை மேலே தள்ளிக் காட்டிவிட்டு, "கொர்ர்... கொர்ர்..." என்று கூடத்தைச் சுற்றி நாலு காலில் ஓடினாள்.

சத்தம் கேட்டு அம்மா வந்து நின்றாள். "யா அல்லாஹ்! இன்னாடி ஆச்சு உனக்கு?"

போனுக்குள்ளே கடையே சிரித்தது. கடைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆ! புத்தா! புத்தா நை! நை!" என்று கையை ஆட்டினாள்.

அம்மா பதறிவிட்டாள். "நாயா? என் பொண்ணுக்கு நாய்க் கறியா போடுறாங்க?"

"இல்லம்மா!" அக்கா இப்போது விழுந்து விழுந்து சிரித்தாள். "புத்தான்னா பன்னி. நைன்னா இல்ல. பன்னிக் கறி இல்லாம தர்றேன்னு சொல்றாங்க!"

கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கச் சோறும், சுட்ட மீனும், ஏதோ கீரையும் வந்தன. அக்கா போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். குச்சியைக்கூடத் தொடாமல் கையாலேயே அள்ளினாள்.

அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "இத்தினி நாளா பட்டினியாவா இருந்த?"

"வாழைப்பழம் இருந்துச்சும்மா."

கிண்ணம் காலியானது. கடைக்கார அம்மாள் குனிந்து, "ஒக்கவாரி?" என்று கேட்டாள்.

"உக்காரவா சொல்றாங்க?" என்றாள் அம்மா. "உக்காந்துகினுதானே சாப்பிடுறா!"

"இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேக்குறாங்கம்மா," என்ற அக்கா, கிண்ணத்தை நீட்டி ஏதோ சொன்னாள். பேனாவும் குடையும் அதில் இல்லை. சொன்னதில் என்ன தப்போ, கடைக்கார அம்மாள் சிரித்துத் திருத்தினாள். அக்காவும் சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னாள். பக்கத்து மேசைத் தாத்தாவும் சேர்ந்துகொண்டு ஏதோ கேட்டார்.

"யாருக்கா அது? இன்னா கேக்குறாரு?" மர்வா திரைக்குள் நுழைந்துவிடுவதுபோல் எட்டிப் பார்த்தாள்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த ஊருன்னு கேக்குறாரு. நீ போனை வை மர்வா, நானே பேசிக்கிறேன்."

மர்வா போனை வைத்தாள். அப்போதுதான், தான் இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அம்மா, பசிக்குது!" என்று கத்திக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள்.