மேகத்துக்குள் போக உத்தரவு

பொம்மசந்திராவுக்கு அப்பால், பொட்டல்வெளியில் இருந்த அந்த விமானத் திடலுக்கு ஆம்ப்ரோஸ் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது காலை ஏழு மணி. 1943 ஜனவரி. மர்பி டவுனிலிருந்து இருட்டோடு கிளம்பியபோதே பனி கொட்டியது. இங்கே கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஈர மண்ணும் பெட்ரோலும் கலந்த வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

திடலில் கன்ட்ரோல் கோபுரமெல்லாம் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு டெலிபோன், அதற்குக் குமாஸ்தா ஆம்ப்ரோஸ், அவ்வளவுதான் ராஜாங்கம். மேகத்துக்குள் கருவி முட்களை மட்டும் பார்த்து ஓட்டப்போகிற விமானம் எதுவானாலும், ஊருக்குள் இருக்கும் கன்ட்ரோல் ஆபீசுக்குப் போன் செய்து உத்தரவு வாங்க வேண்டும். எத்தனை அடி உயரம், எத்தனை மணிக்குள் கிளம்பணும் என்று அவர்கள் சொல்வதை எழுதி, வரி பிசகாமல் திருப்பிப் படிக்க வேண்டும். அவர்கள் "சரி" என்ற பிறகுதான் சீட்டு விமானியின் கைக்குப் போகும். மேலே அதே உயரத்தில் இன்னொருவன் வந்துகொண்டிருந்தால்? அதற்குத்தான் இத்தனை கெடுபிடி.

அன்றைக்கு விமானி நோயல், ஆம்ப்ரோசின் தங்கை மௌரீனின் புருஷன். மதராஸ் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்துவிட்டதாக முந்தின நாள் தந்தி வந்திருந்தது. தபால் மூட்டைகளை ஏற்றிவிட்டு அவன் நிலைகொள்ளாமல் தவித்தான்.

"சீக்கிரம் போடு மச்சான்! அவ அங்க என்ன பாடு படறாளோ."

ஆம்ப்ரோஸ் டெலிபோன் பிடியைச் சுழற்றினான். உடனே எடுத்தார்கள்.

"எழுதிக்கோ. மதராஸ். ஐயாயிரம் அடி. ஏழு இருபதுக்குள்ள கெளம்பணும்."

கன்ட்ரோல் ஆபீஸ் சேஷகிரியின் குரல் மாதிரிதான் இருந்தது. ஆனால் பேச்சுக்கு நடுவே மூச்சுச் சத்தமே இல்லை.

ஆம்ப்ரோஸ் திருப்பிப் படித்தான்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சேஷகிரி சார், சரியா? சொல்லுங்க சார்."

அந்தப் பக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது நிச்சயம்.

"மணி ஏழே கால் மச்சான்! இன்னும் என்ன சரி கிரி?" நோயல் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஆம்ப்ரோஸ் விட்டுவிட்டான். ஐயோ, விட்டுவிட்டானே! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். தங்கை முகம் கண்ணில் வந்து நின்றால் அண்ணன்காரனுக்கும் அதே கதிதான்.

எஞ்சின் உறுமியது. அதே சமயம் லைன்மேன் நாணு மூச்சிரைக்க வந்து நின்றான். கையில் அறுந்த ஒயர்.

"நேத்து சாயங்காலமே அறுந்துபோச்சு சார். ரெண்டு மைலுக்குக் கம்பியே இல்ல. போனைத் தொட்டுப் பிரயோஜனமில்ல."

ஆம்ப்ரோஸ் டெலிபோனைத் திரும்பிப் பார்த்தான்.

"மாப்ளே! நில்லு! போகாதே!"

அலறிக்கொண்டு பனிக்குள் ஓடினான். விமானம் அவன் தலைக்கு மேலே ஏறிப் போனது. சத்தம் கிழக்கே தேய்ந்தது.

பிறகு அது இரண்டு எஞ்சினாகக் கேட்டது.

பிறகு ஒரு இடி.

பிறகு ஒன்றுமே இல்லை.

ஆம்ப்ரோஸ் முழங்காலில் விழுந்தான். "மாதாவே! மௌரீனுக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன்!"

கொட்டகைக்குள் டெலிபோன் அடித்தது.

"எடுக்காதீங்க சார்," என்று நாணு கிசுகிசுத்தான்.

ஆம்ப்ரோஸ் தள்ளாடிப் போய் எடுத்தான்.

"மச்சான்..."

நோயல்தான். அவன் பேச்சிலும் மூச்சு இல்லை.

"ஒண்ணுமே தெரியல மச்சான். ஒரே வெள்ளையா இருக்கு. எறங்கட்டுமா?"

வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் புருஷனை எந்த வாயால் வேண்டாம் என்பது?

"வா மாப்ளே," என்றான் அழுதுகொண்டே. "எறங்கி வந்துடு."

பனிக்குள் சக்கரங்கள் தரையைத் தொட்டு உருண்டன. ஒரு எஞ்சின் நின்றது. பின்னாலேயே இன்னொன்றும் நின்றது. காலடிகள் கொட்டகையை நோக்கி மெல்ல வந்தன.

நோயல் தனியாக வரவில்லை.