குண்டூசியின் புதுத் தந்திரம்

இறகுப்பந்துப் பயிற்சிக்கூடத்தில் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் மெலிவு, அடி கூர்மை. பதினோரு வயதுக்குள் அலமாரி நிறையக் கோப்பைகள் சேர்த்துவிட்டாள்.

அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. சந்தைக்குப் போய் யாராவது ஒற்றைக் கத்தரிக்காயோடு திரும்புவார்களா என்பது அவர் கட்சி. அதனால் போட்டி என்றால் மகளை அவள் வயதுப் பிரிவில் மட்டும் சேர்க்க மாட்டார். பெரிய பிள்ளைகள் பிரிவு, இரட்டையர் பிரிவு என்று எல்லாவற்றிலும் சேர்ப்பார். வாரக் கடைசியில் போட்டி, மற்ற நாளெல்லாம் பயிற்சி. கைக்கு விடுமுறையே இல்லை.

அந்தக் கை ஒரு நாள் மக்கர் செய்தது. வலது தோள் வலித்தது. காதுக்கு மேல் கை ஏறவில்லை. ஓங்கி அடிக்கிற ஸ்மாஷ் போயே போச்சு. ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. வலி என்று வாயைத் திறந்தால் தேர்வு கிடையாது. குண்டூசி வாயை மூடிக்கொண்டாள்.

ஓங்கி அடிக்க முடியாததால், பந்தை வலைக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டிவிட்டாள். ஸ்மாஷ் வரும் என்று பின்கோட்டில் தயாராக நின்றவர்கள் அசடு வழிந்தார்கள். பயிற்சி ஆட்டங்களில் அவளே ஜெயித்தாள்.

பயிற்சியாளர் பூரித்துப்போனார். இது கை ஆட்டம் இல்லை, மூளை ஆட்டம் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விளக்கினார். முழங்கையை அவள் தாழ்த்தி வைத்திருப்பதில்தான் சூட்சுமமே இருக்கிறதாம். மறுநாளிலிருந்து கூடம் முழுக்கப் பிள்ளைகள், மழையில் நனைந்த கோழிகள் மாதிரி முழங்கையைத் தொங்கவிட்டு ஆடினார்கள்.

குண்டூசியின் இரட்டையர் கூட்டாளி ரேடியோ. பேச்சு நிற்காது என்பதால் வந்த பெயர். மேல்தட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் குண்டூசி இடக்கையால் எடுப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஏய், இது தந்திரமா, வலியா?"

"வலிதான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதடி."

சொல்லாமல் இருப்பது ரேடியோவுக்குத் தோள்வலியைவிடப் பெரிய வலி. ஆனாலும் தாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, சுண்டைக்காய் தோளைப் பிடித்துக்கொண்டு குண்டூசியிடம் வந்தாள். கூடத்திலேயே பொடிசு அவள்தான், எட்டு வயது.

"அக்கா, உங்கள மாதிரியே தாழ்த்தி அடிச்சேன். இங்க வலிக்குது. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா வலிக்கல?"

தன் தோளைப் பணயம் வைத்தால் அது தன் சரக்கு. சுண்டைக்காயின் தோள் யார் சரக்கு? நேராகப் பயிற்சியாளரிடம் நடந்தாள்.

"சார், அது தந்திரம் இல்ல. கை மேல ஏறல. அதான் அப்படி ஆடினேன். எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க."

பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்தார். ஊதாமல் எடுத்தார். பிறகு அவள் அப்பாவுக்குப் போன் செய்தார்.

டாக்டர் தோளை மெல்லத் திருப்பிப் பார்த்தார். வளர்கிற எலும்பு, ஓயாத ஆட்டத்தில் நொந்துபோயிருக்கிறது, ஆறு வாரம் மட்டையைத் தொடக் கூடாது என்றார். அப்பா பழக்கதோஷத்தில் பேரத்தைத் தொடங்கினார். இரண்டு வாரத்தில் முடித்துக்கொள்ளலாமே, இந்த ஞாயிறு ஒரு நாள் மட்டும் ஆட விட்டால் போதுமே என்றார்.

"அப்பா, இதுல பேரம் வேண்டாம்," என்றாள் குண்டூசி. "டாக்டர் சொன்ன விலைக்கே வாங்கிக்கலாம்."

அப்பா மகளின் தோளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தள்ளுபடி கேட்காமல் எழுந்தார்.

அணித் தேர்வு அவள் இல்லாமலே நடந்தது. அன்று குண்டூசி யாரோடும் பேசவில்லை. ரேடியோதான் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

திங்கட்கிழமை கூடத்தில் புதுச் சட்டம் வந்தது. குண்டூசியின் யோசனை அது. ஆடுவதற்கு முன் எல்லோரும் இரண்டு கைகளையும் நேராக மேலே தூக்க வேண்டும். வலிக்கிறவர்கள் நாற்காலியில் உட்கார வேண்டும். யாரும் கேலி செய்யக் கூடாது. குண்டூசியும் சுண்டைக்காயும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாக் கைகளும் மேலே போயின. முன்னால் நின்ற பயிற்சியாளரும் தூக்கினார். இடக்கை சுலபமாகப் போனது. சின்ன வயதிலிருந்து மட்டை பிடித்த வலக்கை பாதியிலேயே நின்றது.

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

குண்டூசி எழுந்து, இடக்கையால் இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள்.

"வாங்க சார். உட்காருங்க."