இடமிருந்து வலமாக ஒரு கொலை

வீல்ல்ல்!

சீனாவின் சுவான்சோவ் துறைமுகத்தையே உலுக்கியது அந்த அலறல்.

ஆளுநர் மாளிகையின் பின்பக்கக் கால்வாயில் ஒரு பிணம்! கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஃபூ. மண்டை பிளந்திருந்தது. இறுகிய விரல்களை இரண்டு காவலர்கள் சேர்ந்து பிரித்தார்கள்.

உள்ளே... வெண்கல முத்திரை! மங்கோலியப் பேரரசின் சதுர எழுத்துகள்!

ஆளுநர் புக்கா தன் முத்திரையையும் அதையும் சிவப்பு மையில் தோய்த்து, காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் பதித்தார்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை.

"போலி!" உறுமினார். "இந்த ஊர்ல அந்த எழுத்து தெரிஞ்சவன் அந்த உய்குர் பய இனால் ஒருத்தன்தான். இழுத்துட்டு வாங்கடா அவனை!"

மொழிபெயர்ப்பாளன் இனால் காலைக் கஞ்சியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. போலி முத்திரை செய்தான், கூட்டாளியைக் கொன்றான் என்று சிறையில் தள்ளினார்கள்... நாளை தலை உருளும்!

இதில் வேடிக்கை என்னவென்றால், தன் சொந்தப் பேரரசின் எழுத்து புக்காவுக்கே வாசிக்கத் தெரியாது. பருந்து பறக்கவிடத்தான் தெரியும்.

கொலை என்பதால் மாகாண விசாரணை அதிகாரி லியாவ் வந்து சேர்ந்தார். தொந்தி. தூங்கி வழியும் கண்கள். நாக்கில் மட்டும் விஷம்.

நேராகச் சிறைக்குப் போனார்.

"நீதான் செஞ்சியா தம்பி?"

"நான் வாசிக்கிறவன்யா! செதுக்கவும் தெரிஞ்சா இவங்ககிட்ட ஏன் ஏச்சு வாங்குறேன்?"

லியாவ் காகிதத்தை நீட்டினார். பிணத்தின் முத்திரையை இனால் கடகடவென்று வாசித்தான். ஆளுநரின் முத்திரையைப் பார்த்ததும் திக்கினான்.

"ஐயா... இது வரிசை மாறிக் கிடக்கு! இந்த எழுத்தை மேலேர்ந்து கீழா எழுதுவாங்க, இடப்பக்க வரிசையில ஆரம்பிக்கும். இதை யாரோ உங்க சீன எழுத்து மாதிரி வலப்பக்கத்துலேர்ந்து அடுக்கியிருக்கான்."

"இத்தனை நாளா ஏன்டா சொல்லல?"

"என்கிட்ட யாருய்யா காட்டினாங்க? முத்திரை சிவப்பா இருந்தாப் போதும்னு எல்லாரும் கும்பிட்டுட்டுப் போறாங்க!"

லியாவின் தூக்கம் கலைந்தது.

மறுநாள். ஆளுநர் சபை. மணிக்கட்டில் துணிக்கட்டோடு புக்கா உட்கார்ந்திருந்தார். விலங்கோடு இனால் ஓரமாக நின்றான்.

"கையில என்ன எசமான்?" லியாவ் கேட்டார்.

"பருந்து கொத்திடுச்சு."

"பாவம்... பருந்து!"

ஊரிலேயே பேர்போன முத்திரைச் சிற்பி வேய் வரவழைக்கப்பட்டான். தாடியை நீவிக்கொண்டே வந்தான்.

"வேய் ஆசாரியாரே! ஆளுநர் முத்திரை தலைகால் தெரியாதவன் செதுக்கினதாம். இனால் சொல்றான்."

வேய்க்கு ரத்தம் கொதித்தது.

"அவன் கிடக்கான் ஒட்டகப்பால் குடிக்கிறவன்! நானும் எழுத்துக்கூட்டி வாசிச்சேன்யா. தலைநகர்ல வார்த்தவன்தான் இடப்பக்கத்துல ஆரம்பிச்சுத் தொலைச்சிருக்கான். எந்த மனுஷனாவது அப்படி எழுதுவானா? நான்தான் அதைத் திருத்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லியாவ் அவன் முன்னால் வந்து நின்றார்.

"திருத்தினீங்க... சரி. தலைநகர் முத்திரை எங்க?"

வேய் பொத்தென்று மண்டியிட்டான். "படகு விருந்துல எசமான் அதைக் கடல்ல போட்டுட்டாரு! முத்திரை தொலைஞ்சா தலை போயிடுமே... பழைய காகிதத்துல இருந்த முத்திரைப் பதிவு ஒண்ணைக் கொடுத்து வேற செய்யச் சொன்னாரு!"

"அதைத்தான் ஃபூ கடலுக்கடியில கண்டெடுத்தான்," என்றார் லியாவ். "பரிசு கிடைக்கும்னு நம்பிக் கொண்டாந்தான், பாவி! கொண்டாந்த இடத்துலயே மண்டையில அடி. செத்தும் பிடிய விடல அவன்!"

புக்கா துள்ளி எழுந்தார். "உளறல்! இனால் தலையை வெட்டுங்கடா!"

"தாராளமா!" லியாவ் உத்தரவுக் காகிதத்தை நீட்டினார். "எந்த முத்திரைய வைப்பீங்க எசமான்? உங்களுது வச்சா உத்தரவு செல்லாது. ஃபூவோடது வச்சா, அதுதான் அசல்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி!"

ஆளுநரின் கை அந்தரத்தில் நின்றது. லியாவ் எட்டி அந்தத் துணிக்கட்டை உருவினார். அடியில் அரைவட்டமாக... மனிதப் பல் தடம்!

"உங்க பருந்துக்கு முப்பத்திரண்டு பல்லா எசமான்?"

காவலர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

விலங்கு கழன்றதும் இனால் அழுதேவிட்டான். லியாவ் ஆளுநரின் கைது உத்தரவில் தன் முத்திரையை ஓங்கிக் குத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த இனாலின் முகம் மாறியது.

"ஐயா... உங்க முத்திரையும் வலப்பக்கத்துலேர்ந்து..."

"மூடுறா வாயை! சிவப்பா இருக்குல்ல?"