ஏப்ரலில் காணாமல் போன ஒரு நாள்

"மேடம்… ஏப்ரலுக்கு முப்பது நாள். உங்க மியூசியத்துல ஒண்ணைக் காணோமே!"

கோப்பன்ஹேகன் மியூசியத்தின் ரோமர் கூடத்தில் வழிகாட்டியான சாரங்கிக்குச் சுள்ளென்று வந்தது. திரும்பினாள். மழையில் நனைந்த தலை, குறும்புக் கண்கள்… சென்னைத் தமிழ் வேறு!

"சுவரிலை இருக்கிறது சீசருக்கு முந்தின பஞ்சாங்கம். அப்ப ஏப்ரலுக்கு இருபத்தொன்பது நாள்தான். பிழை உங்களிலை!"

அவன் கௌதம், பக்கத்துக் கணினி அலுவலகத்து இன்ஜினியர். தோற்றதற்கு வெட்கப்படாமல் சிரித்தான். "சரி, இந்த மாசம் எந்தச் சாமிக்கு?"

"வீனஸுக்கு… காதல் தெய்வம்." சொல்லிவிட்டு ஏன் முகம் சூடாகிறது? அவளுக்கே கோபம் வந்தது.

பிறகு தினமும் மதியம் வந்தான். நாலாம் நாள் காபிக்குக் கூப்பிட்டான். டிக்கெட்டின் பின்புறம் அவள் எழுதினாள்: 'மே முதலாம் நாளையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ண, மூன்றாம் நாள். மாலை ஐந்து. வாசல்.'

"ரோமர் இப்பிடித்தான் எண்ணுறவை. கண்டுபிடிச்சால் வாங்கோ."

ஏப்ரல் இருபத்தொன்பது. ஐந்து மணி… ஆறு மணி… அவன் வரவேயில்லை. என்னையா காக்க வைக்கிறான்? கண் கலங்கியதை மழை என்று சொல்லிக்கொண்டாள்.

டிக்கெட் கவுண்டர் நிரோஜினி எட்டிப் பார்த்தாள். "உன்ர ஆள் நேற்றெல்லே வந்தவர்! ஒரு மணித்தியாலம் மழைக்குள்ளை நிண்டிட்டு, 'அவங்களுக்கு இஷ்டமில்ல போல' எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்."

நேற்றா? சாரங்கி சுவரைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். மே ஒன்று, ஏப்ரல் இருபத்தொன்பது… மூன்றாவது, இருபத்தெட்டு! அவள் சொல்லிக் கொடுத்த ஏப்ரலை அவன் நம்பியிருக்கிறான். அவளோ முப்பது நாள் காட்டும் வீட்டு நாட்காட்டியை வைத்து எண்ணியிருக்கிறாள்.

பிறந்ததிலிருந்து யாரிடமும் 'என் பிழை' என்று சொல்லி அறியாதவள். இப்போது சொல்லாவிட்டால் அவன் போய்விடுவான்…

மறுநாள் மாலை, அவன் அலுவலக வாசலில் குடையில்லாமல் நின்றாள். கௌதம் சைக்கிளை உருட்டிக்கொண்டு தும்மியபடி வந்தான்.

"நான் தப்பா எண்ணிட்டேனா, மேடம்?"

"இல்லை… பிழை என்னிலை." சொல்லிவிட்டாள்! உயிர் போகவில்லை. "நீங்கள்தான் சரியா எண்ணினனீங்கள்."

"அப்போ மழையில வீணாப்போன என் ஒரு நாள்?"

அவள் தலை குனியவில்லை. அந்தக் கண்களை நேராகவே பார்த்தாள்.

"அதுக்குப் பதிலா, இனி வாற என்ர நாள் எல்லாம் உங்களுக்குத்தான். எனக்கு உங்களிலை விருப்பம், கௌதம்… இதிலை கணக்குப் பிழை இல்லை."