மாடத்தி பாடிய கேசட்

"அய்யய்யோ... அதைத் தொடாதீங்க!"

ஹெப்சிபா போட்ட சத்தத்தில், மேஜை மேலிருந்த பழைய நாடக நோட்டீஸை நோக்கி நீண்ட கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். கோடை மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன்...

"நான் எதையும் தொடலைங்க. மழைதான் என்னயத் தொட்டுருச்சு."

வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள். அடேயப்பா... எவ்வளவு பெரிய கண்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில், ஒரு மாடியில் இருந்தது அந்த நாடக ஆவணக் காப்பகம். நூலக அறிவியல் படிக்கும் ஹெப்சிபா, கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்புக்காக ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனாள். வந்தவன் பெயர் சிவபாண்டி. அவனும் ராஜபாளையம்தான், நூல் மில்லில் ஃபிட்டர்.

"எங்கம்மா நாடகத்துல பாடுனவுக. மாடத்தின்னு பேரு. எனக்கு ரெண்டு வயசுலயே செத்துப்போயிட்டாக. அவுக குரலு எப்படி இருக்கும்னே தெரியாதுங்க... இங்க கேசட் ஏதும் கெடக்குதான்னு..."

அதற்குப் பிறகு அவளால் விறைப்பாக இருக்க முடியவில்லை.

பெட்டி பெட்டியாகக் கேசட்டுகள். சனிக்கிழமைதோறும் மில் விடுப்பில் வந்து, அவளோடு உட்கார்ந்து தேடினான்.

"ஏங்க, பால்கோவா வாங்கிட்டு வந்தா உள்ள விடுவீகளா?"

"கையைக் கழுவிட்டு வந்தாத்தான் விடுவேன்."

"அப்ப பால்கோவா?"

"அது மட்டும் தனியா உள்ள வரலாம்."

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, அது அவள் கையில் கிடைத்தது. 'மகாராஜபுரம் பொங்கல் நாடகம், 1999, மாடத்தி.'

நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. அப்படிப்பட்ட கேசட்டைச் சுத்தம் செய்யாமல் ஓட்டவே கூடாது. அந்த வேலை பார்க்கும் எட்வின் அண்ணன் வெள்ளிக்கிழமைதான் வருவார். வந்தாலும் இரண்டு வாரம் ஆகும். அவளுக்கோ, சனிக்கிழமையே அதைப் போட்டுக்காட்டி அந்தக் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும்... சரியாக ஓடுகிறதா என்று மெஷினில் போட்டுப் பார்த்தாள்.

ஒரு பெண் பாடினாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. நாடா மெஷினுக்குள் சிக்கிச் சுருண்டு, துண்டு துண்டாக அறுந்தது.

"இனி ஒண்ணும் தேறாதும்மா" என்று எட்வின் அண்ணன் கைவிரித்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல முடிந்தவளுக்கு, சிவபாண்டியிடம் நா எழவில்லை.

"கிடைக்கும்போதே கெட்டுப்போய்த்தான் இருந்துச்சு" என்றாள்.

கேசட் உறையில் எழுதியிருந்த அம்மா பெயரை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "விடுங்க... நீங்க என்ன செய்வீக? எனக்காக எம்புட்டுத் தேடுனீக" என்று அவளையே தேற்றினான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

தேட எதுவும் இல்லாத பிறகும் அவன் சனிக்கிழமைகளில் வந்தான். நோட்டீஸ்களை அடுக்கித் தந்தான். அவள்தான் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

இன்டர்ன்ஷிப்பின் கடைசி நாள். பஸ் ஸ்டாண்டில் இருவரும் நின்றார்கள். ராஜபாளையம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது.

"நான் பொய் சொன்னேன்..." அவள் குரல் உடைந்தது. "கேசட்டை நான்தான் அறுத்தேன். சொன்னா அடுத்த சனிக்கிழமை நீங்க வரமாட்டீங்களோன்னு... வராமப்போனா என்னால தாங்க முடியாதுன்னு..."

அவன் முகம் இறுகியது. கண்டக்டர் விசில் ஊத, பஸ் நகர்ந்து போயிற்று. இருவரும் ஏறவில்லை.

"அறுந்துபோறதுக்கு முன்னாடி... கேட்டீகளா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கனமான குரல். பாட்டுக்கு நடுவுல கூட்டத்துல ஒரு பிள்ளை அழுதுச்சு. பாட்டை நிறுத்திட்டு, 'இந்தா வாரேன்டா ராசா'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க..."

சிவபாண்டியின் கண்கள் நிறைந்துவிட்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேசட்டுக்காக வந்தது கொஞ்ச நாளுதான். அதுக்குப் பொறவு எல்லாச் சனிக்கிழமையும் ஒங்களுக்காகத்தான் வந்தேன்." அவள் பக்கம் திரும்பினான். "நீங்க அன்னைக்கே உண்மையச் சொல்லியிருந்தா... இத நான் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பேன், ஹெப்சிபா."